சிமுலேஷன் பயிற்சிக்குத் தமிழ்ச் சொற்பட்டியல் தயாரிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

சிமுலேஷன் என்பது உண்மையான நோயாளிக்குப் பதிலாக மனித உருவத்தையோ பயிற்றிய ஒருவரையோ வைத்து நடத்தும் மருத்துவப் பயிற்சி. யாழ்ப்பாணத்தில் தாதியர் பயிற்சியிலோ மருத்துவ பீடத்துத் திறன்கூடத்திலோ அதை நடத்தும்போது ஓர் அறைக்குள் மூன்று மொழிவழக்குகள் ஓடுகின்றன. கையேடும் அவசரக் கட்டளைகளும் ஆங்கிலம். கட்டிலில் கிடக்கும் நோயாளி பேசுவது ஊர்த்தமிழ். முடிந்தபின் நடக்கும் உரையாடல் இரண்டும் கலந்தது. ஒரே சொல்லை ஆளுக்கொரு பொருளில் விளங்கிக்கொண்டால், பயிலுநர் விட்டது அறிவுப் பிழையா, சொல் விளங்காத பிழையா என்று பயிற்றுநருக்கே பிடிபடாது. அதற்காகத்தான் இந்தச் சொற்பட்டியல்.

புதிதாக இதைத் தொடங்குபவர்கள் அநேகமாக ஆங்கில அகரவரிசையை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் தமிழ் தேடப் புறப்படுகிறார்கள். ஒரு மாதத்தில் நூறு சொற்கள் சேரும். அறைக்குள் ஒருவரும் அவற்றைச் சொல்லமாட்டார்கள். கீழே உள்ள ஒழுங்கில் போனால் பட்டியல் சிறிதாக இருக்கும், ஆனால் வாயில் நிற்கும்.

1. தொடங்கமுன் கையில் இருக்க வேண்டியவை

ஏற்கெனவே நடத்திப் பார்த்த மூன்று நான்கு பயிற்சிகளின் தாள்களை எடுத்து வையுங்கள். இனி நடத்தப்போகும் பயிற்சிக்கான தாள் உதவாது. எந்த இடத்தில் ஆட்கள் தடுமாறினார்கள் என்பது நடத்திய தாளில்தான் தெரியும்.

மூன்று பேர் வேண்டும். பயிற்றுநர் ஒருவர், நோயாளர் விடுதியில் (வார்டில்) நாளாந்தம் வேலைசெய்யும் தாதிய உத்தியோகத்தர் ஒருவர், மருத்துவத்தோடு தொடர்பே இல்லாத ஒருவர். மூன்றாமவரைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். நோயாளியின் பேச்சு சரியா என்று சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான். சந்தையில் காய்கறி விற்கும் அம்மா ஒருவர் வந்தால் அதைவிட நல்ல துணை கிடையாது.

வரைவிலக்கணங்களுக்கு 'ஹெல்த்கெயார் சிமுலேஷன் டிக்‌ஷனரி'யை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் இயங்கும் சிமுலேஷன் சங்கமும் அந்நாட்டு அரச சுகாதார ஆய்வு முகமையும் வெளியிட்டது. முதற் பதிப்பு 2016, இரண்டாம் பதிப்பு 2020, இலவசம். அதிலிருந்து பொருளை மட்டும் எடுங்கள்.

கடைசியாக ஒரு முடிவு: அணியில் சிங்களம் பேசும் வைத்தியர்களும் தாதியரும் இருப்பார்களா? இருப்பார்கள் என்றால் மூன்றாம் படியில் அது எல்லாவற்றையும் மாற்றும். இப்போதே எழுதி வையுங்கள்.

2. அமர்வு நடக்கும் ஒழுங்கில் சொற்களைச் சேர்க்கவும்

பயிலுநர் அறைக்குள் நுழைவதிலிருந்து வெளியே போவதுவரை என்ன நடக்கிறதோ அந்த வரிசையில் எழுதுங்கள். முன்விளக்கம், அறையையும் கருவிகளையும் காட்டுதல், கதை (பயிற்சிக்காக அமைத்த நோயாளி நிலைமை) தொடங்குதல், நோயாளியின் நிலை மாறுதல், உதவிக்கு அழைத்தல், நிறுத்துதல், பின்னுரையாடல். ஒவ்வொரு கட்டத்திலும் யார் யாரிடம் எதைச் சொல்கிறார் என்பதைப் பேசியபடியே குறித்துக்கொள்ளுங்கள்.

காரணம் எளிது. பட்டியலுக்கு வரத் தகுதியான சொல், யாராவது ஒருவர் சொல்லி இன்னொருவர் ஏதாவது செய்யவேண்டிய சொல். அப்படி ஒரு கணம் இல்லாத சொல்லை விட்டுவிடலாம். அமர்வைப் பதிவுசெய்ய அனுமதி கிடைத்தால் ஒலிப்பதிவிலிருந்து எடுப்பது இன்னும் நல்லது. நினைவிலிருந்து எழுதும்போது நாம் பேசியதைத் திருத்தி எழுதிவிடுகிறோம்.

3. மூன்று கட்டாகப் பிரிக்கவும்

முதற் கட்டு, அணிக்குள் உரக்கச் சொல்லும் கட்டளைகள். இரண்டாவது, பயிற்சியை நடத்துவதற்கான சொற்கள். மூன்றாவது, நோயாளியும் உறவினரும் பேசுபவை.

முதற் கட்டைத் தமிழாக்க வேண்டாம். விடுதியில் உண்மையான அவசரத்தில் எந்த மொழியில் கட்டளை வருமோ அதே மொழியில்தான் பயிற்சியும் இருக்கவேண்டும். 'சிபிஆர்' (இதயம் நின்றவரின் நெஞ்சை அழுத்தி உயிர்காக்கும் முறை), 'அட்ரினலின்', 'டீஃபிப்' (இதயத்துக்கு மின்சாரம் கொடுக்கும் கருவி) எல்லாம் அப்படியே இருக்கட்டும். சிங்களம் பேசும் வைத்தியர் ஒருவர் தலைமையேற்றால் அவரும் இவற்றைத்தான் சொல்வார். 'ஏ, பி, சி' என்ற நினைவுச் சங்கிலியையும் தமிழாக்க முயல்வார்கள். சுவாசவழி, சுவாசம், சுற்றோட்டம் என்று மாற்றினால் மூன்றும் 'சு'வில் தொடங்கும். எழுத்தை வைத்து ஒழுங்கை நினைவில் வைக்கும் வசதி போய்விடும்.

தமிழ் உழைப்பு முழுவதையும் இரண்டாம், மூன்றாம் கட்டுகளில் செலவழியுங்கள். பயிலுநரின் மனமும் நோயாளியின் பாதுகாப்பும் அங்கேதான் சொல்லில் தங்கியிருக்கின்றன.

4. சொல்லுக்கு முன் பொருளை எழுதவும்

ஒவ்வொரு சொல்லுக்கும் நேரே, பெயரைச் சொல்லாமல், அது என்ன செய்கிறது என்று ஒரு வரி எழுதுங்கள். தமிழ்ப் பெயருக்கான கட்டம் வெறுமையாக இருக்கட்டும். பெயரை முதலில் போட்டுவிட்டால் அப்புறம் பொருளை அந்தப் பெயருக்குள் அடைக்கப் பார்ப்போம்.

'ஃபிடெலிற்றி' இதற்கு நல்ல சோதனை. உண்மைச் சூழலுக்குப் பயிற்சி எவ்வளவு நெருக்கமாக இருக்கிறது என்பதே பொருள். அது ஒரே அளவும் அல்ல. கருவி எவ்வளவு ஒத்திருக்கிறது, அறையும் சூழலும் எவ்வளவு ஒத்திருக்கின்றன, பயிலுநரின் மனம் அதை எவ்வளவு உண்மையாக எடுக்கிறது என்று மூன்றாகப் பிரித்துப் பார்க்கவேண்டும். பொருளை எழுதாமல் ஓடுபவர்கள் இதற்கு 'உயர்தர சிமுலேஷன்', 'தாழ்தர சிமுலேஷன்' என்று போடுகிறார்கள். உடனே விலையுயர்ந்த உருவம் இருந்தால்தான் நல்ல பயிற்சி என்ற எண்ணம் வந்துவிடும். போதாக்குறைக்கு, இங்கே 'உயர்தரம்' என்றால் க.பொ.த. பரீட்சைதான் நினைவுக்கு வரும். 'மெய்யொப்பு' என்று வைத்து, கருவி மெய்யொப்பு, சூழல் மெய்யொப்பு, மன மெய்யொப்பு என்று மூன்று பதிவாகப் பிரியுங்கள். சாதாரண உருவம் ஒன்றையும் நன்றாகப் பேசக்கூடிய ஓர் 'உறவினரை'யும் வைத்து மன மெய்யொப்பை மிக உயரத்துக்குக் கொண்டுபோகலாம் என்பது அப்போது பட்டியலிலேயே தெரியும்.

5. சொல்லின் வேரை ஒரே ஒரு கேள்வியோடு பார்க்கவும்

வேர் தேடுவது சுவையான வேலை. அதனாலேயே ஆட்கள் அதில் வாரக்கணக்கில் தங்கிவிடுகிறார்கள். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: மூலச்சொல்லில் உள்ள எந்தப் பகுதி நமக்கு வேண்டும், எது வேண்டாம்?

'டிபிரீஃபிங்' படைத்துறையிலிருந்து வந்தது. 'பிரீஃப்' என்பதற்கு வேர் சுருக்கத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல். பறப்புக்கு முன் கொடுக்கும் சுருக்கமான அறிவுறுத்தல் பிரீஃபிங். திரும்பி வந்தவரிடம் மேலதிகாரி என்ன நடந்தது என்று கேட்டறிவது டிபிரீஃபிங். இந்த மேலதிகாரிப் பகுதிதான் நமக்கு வேண்டாதது. பயிற்சிக்குப் பிறகு நடப்பது, எல்லோரும் சேர்ந்து தங்கள் யோசனையை வெளியே எடுத்துப் பார்ப்பது. 'பின்னுரையாடல்' போதும்.

பயிற்சிக்கு வைக்கும் மனித உருவத்தின் பெயரான 'மனிக்கின்' சிறிய மனிதன் என்று பொருள்படும் டச்சுச் சொல்லிலிருந்து வந்தது. அதே சொல் பிரெஞ்சு வழியாகப் போய்த் துணிக்கடைப் பொம்மைக்கும் பெயரானது. தமிழிலும் இரண்டையும் பொம்மை என்றே சொல்கிறோம், அதில் தவறில்லை. ஆனால் கதை தொடங்கியதும் அது பொம்மையாக இருக்கக்கூடாது. பட்டியலில் இப்படி எழுதுங்கள்: ஆயத்தம் செய்யும்போது 'உருவம்', கதை தொடங்கியபின் நோயாளியின் பெயர். 'பொம்மையின் கையில் ஊசி போடு' என்று பயிற்றுநரே சொன்னால் மன மெய்யொப்பு அந்த இடத்தில் உடைந்துவிடும்.

'மூலாஜ்' அச்சில் வார்ப்பதைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல். பயிற்சியில் காயம், நீலம்பாரித்த உதடு போன்றவற்றை வரைந்து ஒட்டுவது. கூத்தும் நாடகமும் உள்ள ஊருக்கு 'ஒப்பனை' என்ற சொல்லைப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. 'காய ஒப்பனை' என்றதும் யாருக்கும் விளங்கும். 'கொன்ஃபெடரேற்' என்பதையும் நாடகத்திலிருந்தே எடுக்கலாம். பயிற்றுநரின் ஏற்பாட்டில் கதைக்குள் நிற்கும் உறவினரோ தாதியோ அவர். ஆங்கிலச் சொல்லுக்குள் கூட்டுச்சதியின் வாடை உண்டு. அதனால் ஆங்கிலத்திலேயே இப்போது வேறு பெயரை விரும்புகிறார்கள். நமக்கு 'துணைப்பாத்திரம்' சரியாக வரும்.

சில சொற்களுக்கு வேரும் வேண்டாம், தமிழும் வேண்டாம். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழில் மருத்துவம் கற்பித்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன், 1875இல் வந்த இரசாயன நூலுக்குக் 'கெமிஸ்தம்' என்று பெயர் வைத்தார். ஒலியைத் தமிழுக்கு வசதியாக்கி எடுத்துக்கொண்டால் போதும் என்று தெரிந்த இடத்தில் அப்படியே செய்தார். 'சிமுலேஷன்' என்ற சொல்லையே அப்படி விட்டுவிடலாம் என்பது என் கருத்து. ஏன் என்பது அடுத்த படியில்.

6. யாழ்ப்பாணக் காதுக்கு எப்படிக் கேட்கிறது என்று பார்க்கவும்

இந்தப் படியைத் தவிர்த்தால் மற்ற எல்லாம் வீண். சென்னையில் அச்சிட்ட கலைச்சொல் இங்கே வேறு பொருள் தரும். அகராதியில் தூய்மையாக இருக்கும் சொல் இங்கே ஒரு காலத்தின் பாரத்தைச் சுமந்திருக்கும்.

சிமுலேஷனுக்குப் 'பாவனைப் பயிற்சி' என்று சிலர் எழுதுகிறார்கள். இலங்கைத் தமிழில் பாவனை என்றால் பயன்பாடு. பாவனையாளர் என்றால் நுகர்வோர். கருவியைப் பாவிக்கப் பழகும் வகுப்பு என்றுதான் எடுப்பார்கள். 'போலி' சேர்த்தால் போலி வைத்தியர் நினைவுக்கு வருவார். 'ஒத்திகை' நல்ல சொல், சுனாமிக்குப் பிறகு கரையோரம் முழுவதும் தெரிந்ததும்கூட. ஆனால் ஒத்திகையில் என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் முன்பே தெரியும். ஆகவே அதைத் தீயணைப்பு, வெளியேற்றம் போன்றவற்றுக்கு விட்டுவிடுங்கள்.

'ஸ்டாண்டர்டைஸ்ட் பேஷண்ட்' என்பதைத் 'தரப்படுத்தப்பட்ட நோயாளி' என்று எழுதலாமா? எழுதவே கூடாது. இந்த ஊரில் தரப்படுத்தல் என்பது 1970களில் தமிழ் மாணவரைப் பாதித்த பல்கலைக்கழக அனுமதி முறையைக் குறிக்கும் சொல். அதை அனுபவித்த குடும்பத்துப் பிள்ளைகள் வகுப்பில் இருப்பார்கள். பொருளுக்குத் திரும்புங்கள்: 1963இல் ஹவார்ட் பரோஸ் என்ற மருத்துவர் இந்த முறையைத் தொடங்கியபோது ஆங்கிலத்திலேயே பெயர் வேறு. பெயர் மாறினாலும் மாறாதது, ஒவ்வொரு பயிலுநருக்கும் ஒரே விதமாக நோயைக் காட்டப் பயிற்றப்பட்ட ஒருவர் என்பது. 'பயிற்றப்பட்ட நோயாளி' அதைச் சொல்கிறது. 'நடிக்கும் நோயாளி' வேண்டாம். விடுதியில் 'நடிக்கிறார்' என்றால் வருத்தம் இல்லாதபோதும் இருப்பதாகச் சொல்பவர்.

டிபிரீஃபிங்குக்கு 'விசாரணை' என்று எழுதிய தாளையும் கண்டிருக்கிறேன். போர்க்காலத்தைக் கடந்த குடும்பங்களின் பிள்ளைகளை அந்தச் சொல்லின் கீழ் வட்டமாக உட்கார வைத்தால் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். இதில் விட்டுக்கொடுக்கவே வேண்டாம்.

மோதும் சொற்களையும் இங்கேயே பிடியுங்கள். 'அதிர்ச்சி' என்றால் குருதியோட்டம் குலைந்த நிலையா, டீஃபிப் கொடுக்கும் மின்சாரமா, உறவினரின் மனக்கலக்கமா? முதலாவதை 'ஷொக்' என்றும் இரண்டாவதை 'மின்னதிர்வு' என்றும் பிரித்து, 'அதிர்ச்சி'யை மூன்றாவதுக்கே விடுங்கள். 'நெஞ்சழுத்தம்' என்று சிபிஆர் அழுத்தத்துக்குப் பெயர் வைத்தால், நோயாளி 'நெஞ்சை அழுத்துது' என்று சொல்லும் முறைப்பாட்டோடு மோதும். 'மாதிரி' என்பதையும் வேறெதற்கும் வைக்கவேண்டாம், அது ஆய்வுகூடத்துக்குப் போகும் குருதி மாதிரிக்கு ஏற்கெனவே சொந்தம்.

7. நோயாளியின் வாய்ச்சொல்லைத் தனியாகச் சேர்க்கவும்

பயிற்றப்பட்ட நோயாளிக்குக் கொடுக்கும் தாளில் பொதுவான பிழை, நோயறிதலை அவர் வாயிலேயே போடுவது. 'எனக்கு மூச்சுத்திணறலும் வாந்தியும் உள்ளது' என்று எந்த அப்பாச்சியும் சொல்லமாட்டார். 'களைக்குது மிஸ்' என்பார், 'சத்தி வருது' என்பார், 'ஒரே அந்தரமா கிடக்கு' என்பார். நீரிழிவு அவருக்குச் சீனி வருத்தம். ஆஸ்துமா முட்டு.

இந்த வழக்குகளை அப்படியே எழுதுங்கள், திருத்தாதீர்கள். 'களைக்குது' என்பது சோர்வாகவும் இருக்கலாம், மூச்சு வாங்குவதாகவும் இருக்கலாம். நடக்கும்போதா, படுத்தால் கூடுகிறதா என்று பயிலுநர் தொடர்ந்து கேட்கவேண்டும். அந்தக் கேள்வியைக் கேட்கப் பழக்குவதே பயிற்சி. தாளில் 'மூச்சுத்திணறல்' என்று எழுதிவிட்டால் அந்த வேலையை நாமே செய்து முடித்துவிடுகிறோம். 'தலை சுத்துது', 'ஏலாமல் கிடக்கு' என்பவையும் இப்படித்தான். ஒவ்வொன்றுக்கும் நேரே, அது என்னென்னவாக இருக்கலாம் என்ற குறிப்பும் பயிலுநர் கேட்கவேண்டிய அடுத்த கேள்வியும் எழுதப்படட்டும். முதலாம் படியில் அழைத்த மூன்றாமவருக்கு இங்கேதான் முழு வேலை.

8. நிறுத்தும் சொல், எச்சரிக்கும் சொல்

பட்டியல் பாதியில் இருந்தாலும் இது முதல் அமர்வுக்கு முன் முடிந்திருக்க வேண்டும்.

தமிழில் மறுப்பு சொல்லின் கடைசியில் வருகிறது. 'குடுங்கோ', 'குடுக்காதேங்கோ' இரண்டும் ஒரேமாதிரித்தான் தொடங்குகின்றன. மானிட்டர் கத்தும் அறையில் வால் காதில் விழாவிட்டால் கட்டளை தலைகீழாகிவிடும். ஆகவே தடுக்கும் கட்டளையில் 'நிறுத்து' முதலில் வரட்டும், எதை என்பது பிறகு. பயிற்சியின் நடுவே உண்மையான ஆபத்து வந்தால் சொல்லும் 'இது பயிற்சி இல்லை' என்ற வாக்கியத்துக்கும் இதே சிக்கல். 'உண்மை' என்ற சொல்லும் சரிவராது. நோயாளிப் பாத்திரமே 'உண்மையாத்தான் நோகுது' என்று சொல்லக்கூடும். வெறும் 'நிறுத்து', சிபிஆரை நிறுத்தச் சொன்னதாகப்படும். 'பயிற்சி நிறுத்தம்' என்று மூன்று முறை சொல்வதை வைத்துக்கொள்ளுங்கள். கதைக்குள் இருப்பவர்கள் 'பயிற்சி' என்ற சொல்லைப் பேசவே மாட்டார்கள், அதனால் குழப்பம் வராது.

மின்னதிர்வுக்கு முன் 'தள்ளுங்கோ' என்று சொல்லவேண்டாம். கட்டிலைத் தள்ளுவதாகவோ மருந்தை ஏற்றுவதாகவோ எடுத்துவிடலாம். 'விலகுங்கோ' தெளிவு. அம்புலன்ஸ் எண் 1990ஐப் பொதுமக்களுக்கான பயிற்சியில் இலக்கம் இலக்கமாகச் சொல்லப் பழக்குங்கள். ஆயிரத்துத் தொளாயிரத்து என்று தொடங்கினால் தொலைபேசியில் அழுத்துபவர் காத்திருக்க வேண்டும்.

ஒட்டும் சீட்டுகளும் இதில் அடங்கும். 2014, 2015 காலத்தில் அமெரிக்காவில், பயிற்சிக்காகச் செய்த சேலைன் பைகள் உண்மையான நோயாளிகளுக்கு ஏற்றப்பட்டுப் பலர் நோயுற்றார்கள். கிருமிநீக்கம் செய்யப்படாத நீர் அது. நம் கூடத்தில் உள்ள ஒவ்வொரு பையிலும் குப்பியிலும் 'பயிற்சிக்கு மட்டும்' என்று தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் பெரிதாக எழுதுங்கள். 'மனிதருக்கு ஏற்றக்கூடாது' என்ற வரி அதன் கீழே வரட்டும், மேலே வேண்டாம். கிழிந்த சீட்டில் 'மனிதருக்கு ஏற்ற' மட்டும் மிஞ்சக்கூடும்.

9. பின்னுரையாடலின் கேள்விகளையும் பட்டியலில் வைக்கவும்

சொற்பட்டியல் என்றதும் பெயர்ச்சொற்களை மட்டும் எழுதுகிறார்கள். பின்னுரையாடலில் பயிலுநரைத் திறப்பதும் மூடுவதும் வினைச்சொல்லும் முன்னிலையும்தான்.

'ஏன் ஒட்சிசன் குடுக்கேல்லை?' என்று கேட்டால் அது கேள்வியாகக் காதில் விழாது, ஏச்சாக விழும். 'மூச்சு வேகமாகினது தெரிஞ்ச நேரம் என்ன யோசிச்சீங்கள்?' என்று கேட்டால் யோசனை வெளியே வரும். 'ஏன்' என்ற சொல்லுக்கு எதிரே இப்படியான மாற்றுக் கேள்விகளை எழுதிவைப்பது மிகப் பயன்படும் பதிவுகளில் ஒன்று. அதேபோல, விரிவுரை மண்டபத்தில் 'நீர்' என்று விளிப்பது வழக்கமாக இருந்தாலும் இங்கே எல்லோருக்கும் 'நீங்கள்' என்று முடிவுசெய்யுங்கள், கனிஷ்ட பயிலுநர் உட்பட.

ஒழுங்கும் முக்கியம். உணர்வு முதலில், நடந்ததை அலசுவது அடுத்து, எடுத்துக்கொண்டு போவது கடைசியில். இந்த மூன்று கட்டத்துக்கும் தொடக்க வாக்கியம் ஒவ்வொன்று பட்டியலில் இருந்தால் புதிய பயிற்றுநர் தடுமாறமாட்டார்.

10. வாயால் சோதிக்கவும்

பட்டியலைச் சுற்றறிக்கையாக அனுப்பிக் கருத்துக் கேட்காதீர்கள். எல்லோரும் நன்று என்று எழுதி அனுப்பிவிடுவார்கள். பட்டியலைக் காணாத பயிலுநர் ஒருவரை அழைத்து, அந்தச் சொற்களைப் பாவித்தே ஒரு சிறு கதையை நடத்துங்கள். சொல்லைக் கேட்டதும் அவர் செய்யவேண்டியதைச் செய்தாரா, தயங்கினாரா, திருப்பிக் கேட்டாரா என்று மட்டும் குறியுங்கள். தயங்கிய சொல் நான்காம் படிக்குத் திரும்பட்டும்.

மறுநாள் அவரிடமே, பொருளைச் சொல்லிச் சொல்லைக் கேளுங்கள். வேறு சொல்லைச் சொன்னால் அநேகமாக அவருடையதுதான் நல்லது. அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

11. பதிவு செய்யும் முறை

ஒவ்வொரு பதிவிலும் ஐந்து கட்டம் போதும்: ஆங்கிலச் சொல்லின் ஒலி, பொருள் ஒரு வரியில், தெரிந்தெடுத்த சொல், தவிர்த்த சொல்லும் காரணமும், சொல்லும் கணம். நான்காவது கட்டத்தை வெறுமையாக விடாதீர்கள். அது இல்லாவிட்டால் அடுத்த வருடம் வருபவர் 'தரப்படுத்தப்பட்ட நோயாளி'யை நல்லெண்ணத்தோடு மறுபடி கொண்டுவருவார்.

சொற்களையும் எழுத்துக்கூட்டலையும் இலங்கை வழக்கில் ஒரேமாதிரி வையுங்கள்: தாதியர், ஒட்சிசன், குருதியமுக்கம், சத்திரசிகிச்சை. தமிழ்நாட்டு நூலிலிருந்து எடுத்த தாளில் செவிலியர், ஆக்சிஜன், இரத்த அழுத்தம் என்று இருந்தால் மாற்றிவிட்டுப் பாவியுங்கள். கடைசியாகச் சொன்னதில் அந்த 'அழுத்தம்' மறுபடி நுழைவதைக் கவனியுங்கள்.

திருத்திய தாளின் மேல் திகதி போடுங்கள். புதியதை ஒட்டும்போது அறையிலும் பயிற்றுநர் கோப்பிலும் மருந்துத் தட்டிலும் உள்ள பழையதை அன்றைக்கே கழற்றுங்கள். நிறுத்தும் சொல் மாறியிருந்தால், அந்தத் தவணையின் எல்லா அமர்வுகளிலும் முன்விளக்கத்தின் முதல் வரியாக அதைச் சொல்லி, எல்லோரையும் ஒருமுறை உரக்கத் திருப்பிச் சொல்ல வையுங்கள்.